காத்திருப்பின் விலை: துறைமுகமும் கணினியும் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1

சொற்கள் வரலாற்றை வெளிப்படுத்துவதைப் போலவே சில வேளைகளில் அதனை மறைக்கவும் செய்கின்றன. இலக்கிய மாணவர்க்கு இது புதிய செய்தியன்று. ஒரு காலகட்டத்தின் கலைச்சொற்களை அக்காலகட்டத்தின் உற்பத்தி உறவுகளோடு பொருத்திப் பார்க்கும் முறை நமது ஆய்வுலகில் ஏற்கெனவே வேரூன்றியதொன்றாகும். ஆயினும் அம்முறையைச் செய்யுளுக்கும் உரைநடைக்கும் மட்டுமே உரியதெனக் கொண்டு, இன்றைய தொழில்நுட்பத்தின் சொற்களைப் பொறியியலாளரிடம் ஒப்படைத்துவிடும் மனப்பாங்கும் நம்மிடையே காணப்படுகின்றது. இக்கட்டுரை அவ்வெல்லையைச் சிறிது கடக்க முயல்கின்றது.

கடந்த பத்தாண்டுகளிற் கணினித் தொழிலிற் பெருவழக்குப் பெற்ற சொற்களுள் 'சேர்வர்லெஸ்' என்பதும் ஒன்று. 'சேவையகம் அற்றது' என்பது இதன் நேர்ப்பொருள். பிறருடைய வேண்டுகோளுக்குக் காத்திருந்து பணிசெய்யும் கணினியே சேவையகம். அது இல்லாமலே அதன் பணி நடைபெறுகின்றது என்பதே இச்சொல் முன்வைக்கும் கூற்றாகும். இக்கூற்று எவ்வளவு தூரம் உண்மை என்பதை அறிய, இம்முறையின் மிகப் பரவலான பயன்பாடொன்றை முதலில் விளங்கிக்கொள்ளுதல் வேண்டும்.

ஒருவர் ஒரு கோப்பைத் தொலைவிலுள்ள மின்னியற் களஞ்சியமொன்றுக்குப் பதிவேற்றுகின்றார் எனக் கொள்வோம். அது நீண்டதோர் ஒளிப்பதிவாகவோ, ஒளிவருடி கொண்டு படியெடுக்கப்பட்ட பழைய ஏடொன்றின் பக்கங்களாகவோ இருக்கலாம். அமேசன் நிறுவனத்தின் 'எஸ்3' அத்தகைய களஞ்சியங்களுள் ஒன்று. கோப்பு முழுமையாக வந்து சேர்ந்ததும் களஞ்சியம் ஓர் அறிவித்தலை வெளியிடுகின்றது. எந்தப் பிரிவில், எந்தப் பெயரில், எவ்வளவு பருமனுடைய கோப்பு வந்தது என்பன அதில் அடங்கும். இதனை 'நிகழ்வு' என்பர். அந்நிகழ்வு, 'லம்டா' எனப்படும் சேவையில் வைக்கப்பட்டுள்ள சிறிய நிரற்றுண்டொன்றைத் துயிலெழுப்புகின்றது. இத்துண்டுக்குச் 'சார்பு' என்று பெயர். சார்பு கோப்பின் பெயரை வாசித்து, கொள்கலன்களை நிருவகிக்கும் இன்னொரு சேவைக்கு ஒரு கட்டளையை அனுப்புகின்றது: 'இக்கோப்புக்காக ஒரு கொள்கலனைத் தொடக்குக'. நிரலும் அது இயங்குவதற்குத் தேவையான துணைப்பொருள்கள் யாவும் ஒன்றாகக் கட்டப்பட்ட பொதியே கொள்கலன். அது தொடங்குகின்றது, கோப்பை எடுக்கின்றது, உருமாற்றுகின்றது, விளைவை வேறொரு பிரிவில் வைத்துவிட்டு மறைகின்றது. தொடக்கத்துக்கும் மறைவுக்கும் இடைப்பட்ட நேரத்துக்கு மட்டுமே அதற்குக் கட்டணம். கோப்பு எதுவும் வராத நாளில் அங்கே எதுவும் இயங்குவதில்லை. களஞ்சியத்தில் உள்ளவற்றைப் பேணும் வாடகை தவிர வேறு செலவும் இல்லை.

இவ்வகையில் நோக்கும்பொழுது, இம்முறை ஒழித்துவிட்டதாகக் கூறுவது உண்மையில் சேவையகத்தையன்று, அதன் காத்திருப்பையே என்பது புலனாகும். காத்திருப்பு மெய்யாகவே ஒழிந்ததா, அல்லது ஒருவர் தோளிலிருந்து இன்னொருவர் தோளுக்கு மாறியதா? மாறியதெனின் யார் அதனைச் சுமக்கின்றனர்? இவ்வினாக்களே இக்கட்டுரையின் பொருளாகும்.

2

உழைக்காது கிடக்கும் இயந்திரம் மூலதனத்துக்கு இழப்பு என்பதை மார்க்ஸ் தமது 'மூலதனம்' முதற் பாகத்தில் (1867) வேலைநாள் பற்றிய அதிகாரத்தில் எடுத்துக்காட்டினார். இரவில் ஓய்ந்திருக்கும் உலையும் தறியும் அவற்றின் உடைமையாளனுக்குப் பயன்படாத முதலீடாகத் தோன்றின. அவ்விழப்பை ஈடுசெய்யவே பகல், இரவு என மாறிமாறி உழைப்பாளரை அமர்த்தும் முறை ஏற்பட்டது என்பது அவர் காட்டும் தருக்கம். இயந்திரத்தின் ஓய்வை நீக்குவதற்கு மனிதனின் உறக்கம் விலையாகக் கொடுக்கப்பட்டது.

கணினியின் வரலாற்றிலும் இத்தருக்கம் தொடர்ந்து செயற்பட்டு வந்துள்ளது. முதற்கட்டத்தில் இயந்திரம் பெருவிலையுடையது. எனவே மனிதர் காத்திருந்தனர். 1956ஆம் ஆண்டில் ஜெனரல் மோட்டர்ஸ், நோர்த் அமெரிக்கன் ஏவியேஷன் ஆகிய நிறுவனங்கள் ஐ.பி.எம். 704 கணினிக்காக உருவாக்கிய இயக்கமுறைமையின் நோக்கம், ஒரு பணி முடிந்ததும் அடுத்த பணியை மனிதத் தலையீடின்றித் தொடக்கி, இயந்திரம் வெறுமனே நிற்கும் நேரத்தைக் குறைப்பதாகும். துளையிட்ட அட்டைக் கட்டைக் கையளித்துவிட்டு விடைக்காகக் காத்திருப்பது நிரலாளரின் அன்றாட அனுபவமாயிற்று.

இரண்டாவது கட்டம் நேரப்பகிர்வு. 1961ஆம் ஆண்டில் மசசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் பெர்னாண்டோ கோர்பாட்டோவின் குழுவினர் ஒரே கணினியைப் பலர் ஒரே வேளையிற் பயன்படுத்தும் முறையைச் செய்துகாட்டினர். ஒருவர் சிந்திக்கும் இடைவேளையில் இயந்திரம் மற்றொருவருக்கு உழைத்தது. அதே ஆண்டில் அதே நிறுவனத்தின் நூற்றாண்டு விழாவில் உரையாற்றிய ஜோன் மக்கார்த்தி, தொலைபேசியைப் போலக் கணிப்பும் ஒரு நாள் பொதுப் பயன்பாட்டுச் சேவையாக அமையலாம் எனக் கூறினார். இங்கு 'பொது' என்னும் அடைமொழி மனங்கொள்ளத்தக்கது. அதற்கு நாம் மீண்டும் வருவோம்.

இயந்திரம் மலிவடைந்த மூன்றாவது கட்டத்தில் நிலைமை தலைகீழாயிற்று. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கெனச் சேவையகங்களை வாங்கி வைத்தது. பணி வரினும் வராவிடினும் அவை இரவும் பகலும் விழித்திருந்தன. கோப்பு வந்ததா எனப் பார்ப்பதற்கும் ஒரு நிரல் தேவைப்பட்டது. 1979இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் இடம்பெற்ற 'கிறொன்' என்னும் காலக்காவலன், குறித்த நேரந்தோறும் குறித்த பணியை எழுப்பியது. நிமிடத்துக்கொரு முறை ஒரு கோப்புறையைத் திறந்து பார்த்து, ஒன்றுமில்லையெனக் கண்டு மூடுவதில் எண்ணற்ற கணினிகளின் காலம் கழிந்தது. ஓய்ந்திருக்கும் தறி பற்றிய பழைய கவலை மீண்டும் எழுந்தது. ஆனால் இம்முறை அதற்குக் கிடைத்த விடை வேறு: இயந்திரத்தை உடைமையாகக் கொள்ளாது நேரத்துக்கு வாடகைக்கு எடுத்தல்.

2006ஆம் ஆண்டு மார்ச்சில் அமேசன் நிறுவனம் 'எஸ்3' களஞ்சியத்தையும், ஆகஸ்டில் 'ஈ.சீ.2' என்னும் வாடகைக் கணினியையும் அறிமுகப்படுத்தியது. முன்னதற்கு ஒரு கிகாபைற்றுக்கு மாதம் 15 சதம். பின்னதற்கு மணிக்கு 10 சதம். அடுத்த ஆண்டில் 'நியூயோர்க் ரைம்ஸ்' செய்தித்தாள் தனது பழைய இதழ்களின் 4 ரெறாபைற் அளவுடைய படிமங்களை, 100 வாடகைக் கணினிகளைக் கொண்டு ஏறத்தாழ 24 மணி நேரத்தில் 1 கோடியே 10 இலட்சம் வாசிக்கத்தக்க கோப்புகளாக மாற்றியது. கணிப்புக்கான செலவு சுமார் 240 டொலர். நூறு கணினிகளை விலைக்கு வாங்கி, ஒரு நாள் பயன்படுத்தி, எஞ்சிய காலம் முழுதும் அவை தூசி படிய விட்டுவைக்க வேண்டிய நிலை நீங்கிற்று. உற்பத்திச் சக்திகளின் வளர்ச்சியில் இது மெய்யானதொரு முன்னேற்றம் என்பதை ஐயமின்றி ஏற்றுக்கொள்ளல் வேண்டும்.

3

இக்கதையின் மறுபாதி கணினிக்கூடத்திலன்றித் துறைமுகத்திலே தொடங்குகின்றது. 'கொள்கலன்' என்னும் சொல்லைக் கணினியாளர் அங்கிருந்தே பெற்றனர்.

19ஆம் நூற்றாண்டின் இலண்டன் துறைமுகத்தில் கப்பலின் வருகை நிச்சயமற்றது. காற்றும் வற்றுப்பெருக்கும் வணிகப் பருவமும் அதனைத் தீர்மானித்தன. கப்பல் வந்தாற் பலர் தேவை. வராவிடின் எவரும் தேவையில்லை. முதலாளிகள் இதற்குக் கண்ட வழி 'அழைப்பு' முறையாகும். விடியற்காலையில் துறைமுக வாயிலில் ஆடவர் திரண்டு நிற்பர். மேற்பார்வையாளன் தனக்கு வேண்டியவரை மட்டும் தெரிந்தெடுப்பான். ஏனையோர் வெறுங்கையுடன் திரும்புவர், அல்லது அடுத்த அழைப்புக்காக அங்கேயே நிற்பர். தெரிந்தெடுக்கப்பட்டவரும் ஒரு மணி நேர வேலையின் பின் விடுவிக்கப்படலாம். காத்திருந்த நேரத்துக்குக் கூலியில்லை. ஹென்றி மேஹியூ இலண்டன் உழைப்பாளர் பற்றி எழுதிய தொடரில் இக்காட்சி விரிவாகப் பதிவாகியுள்ளது.

1889 ஆகஸ்டில் தொடங்கிய இலண்டன் துறைமுக வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளை இப்பின்னணியிலேயே வாசித்தல் வேண்டும். மணிக்கு 6 பென்ஸ் கூலி என்பது யாவரும் அறிந்த கோரிக்கை. அதற்கிணையான முக்கியத்துவமுடைய மற்றொன்று வரலாற்று நூல்களிற் பெரும்பாலும் ஒரு வரியோடு நின்றுவிடுகின்றது. அழைக்கப்பட்டவருக்கு ஆகக் குறைந்தது நான்கு மணி நேர வேலையேனும் தரப்படல் வேண்டும் என்பதே அது. பென் ரில்லெற், ரொம் மான், ஜோன் பேர்ன்ஸ் முதலியோர் தலைமைதாங்கிய, மார்க்சின் மகள் எலினோரும் துணைநின்ற அப்போராட்டம், அவுஸ்திரேலியத் தொழிலாளரிடமிருந்து வந்த பெருந்தொகை உதவியுடன் ஐந்து வாரங்களின் பின் வெற்றியீட்டியது. கூலியின் அளவைப் பற்றி மட்டுமன்றிக் கூலியின் அலகைப் பற்றியும் உழைப்பாளர் போராடினர் என்பதே இங்கு நாம் கருத்திற் கொள்ளவேண்டியது.

இப்போராட்டத்தின் நீண்ட விளைவை அடுத்த நூற்றாண்டிற் காண்கின்றோம். 1947ஆம் ஆண்டின் தேசிய துறைமுக உழைப்புத் திட்டத்தின்கீழ், பதிவு பெற்ற தொழிலாளி வேலைக்குச் சமுகமளித்து வேலை கிடைக்காவிடினும் வருகைப்படி பெற்றார். காத்திருப்புக்கு ஒரு விலை குறிக்கப்பட்டது. 1965இல் வெளிவந்த டெவ்லின் அறிக்கையைத் தொடர்ந்து 1967இல் அவர்கள் நிரந்தர ஊழியராயினர். விடியற்கால அழைப்பு வரலாறாயிற்று.

ஆனால் வரலாறு அதே வேளையில் மற்றொரு திசையிலும் இயங்கிக்கொண்டிருந்தது. கணினிப் பணிகளை இடையறாது தொடுக்கும் இயக்கமுறைமை தோன்றிய அதே 1956ஆம் ஆண்டில், ஏப்ரல் 26ஆம் நாள், மல்கம் மக்லீன் என்னும் அமெரிக்க வணிகரின் 'ஐடியல் எக்ஸ்' கப்பல் 58 பெட்டிகளுடன் நியூவாக் துறையிலிருந்து ஹூஸ்ரனுக்குப் புறப்பட்டது. தளர்சரக்கை ஆட்கள் கையாண்டு ஏற்றுவதற்கு ஒரு தொன்னுக்கு ஏறத்தாழ 6 டொலர் செலவான காலத்தில், அக்கப்பலில் அது சுமார் 16 சதமாகக் கணிக்கப்பட்டது. பெட்டிக்குள் என்ன உள்ளது என்பது பாரந்தூக்கிக்கு வேண்டாத செய்தி. எல்லாப் பெட்டிக்கும் ஒரே அளவு, ஒரே மூலைப்பூட்டு. தேயிலைப் பெட்டியை ஒருவாறும் சர்க்கரை மூடையை வேறொருவாறும் அடுக்கத் தெரிந்த உழைப்பாளியின் திறன் அத்தருணத்திலேயே விலையிழந்தது.

1972 ஜூலையில் இலண்டனில் ஐந்து துறைமுகத் தொழிலாளர் பிரதிநிதிகள் சிறையிடப்பட்டனர். கொள்கலன்களைப் பிரித்தடுக்கும் பணி துறைமுகத்துக்கு வெளியே குளிர்களஞ்சியமொன்றுக்குப் போவதை எதிர்த்து மறியல் செய்ததே அதற்குக் காரணம். நாடளாவிய வேலைநிறுத்தங்களின் அழுத்தத்தால் அவர்கள் சில நாட்களில் விடுவிக்கப்பட்டனர். ஆயினும் 1981இல் இலண்டனின் றோயல் துறைகள் வணிகக் கப்பல்களுக்கு மூடப்பட்டன. 1989இல், மாபெரும் வேலைநிறுத்தத்தின் சரியான நூற்றாண்டில், 1947ஆம் ஆண்டுத் திட்டமும் ஒழிக்கப்பட்டது.

இனிக் கணினிக்குத் திரும்புவோம். ஒரு நிரலை ஏனையவற்றிலிருந்து வேலியிட்டுப் பிரிக்கும் முயற்சி பழையது. யூனிக்ஸ் ஏழாம் பதிப்பின் 'சிறூற்' கட்டளையும், 2000ஆம் ஆண்டில் பிறீ.பி.எஸ்.டி.யில் வந்த 'சிறைகளும்', கூகிள் பொறியியலாளர் 2006இல் தொடங்கி 2008இல் லினக்ஸ் கருவில் இணைந்த வளக்கட்டுப்பாட்டுக் குழுக்களும் அதன் படிநிலைகள். 2013 மார்ச்சில் சொலமன் ஹைக்ஸ் அறிமுகப்படுத்திய 'டொக்கர்' இவற்றை எளிதிற் கையாளத்தக்க ஒரு பொதியாக்கிற்று. உள்ளே எந்த மொழியில் எழுதிய நிரல் இருப்பினும் வெளிவடிவம் ஒன்றே. எந்தக் கணினியிலும் ஒரே கட்டளையால் அதனைத் தொடக்கலாம். கப்பற் கொள்கலனையே அதன் ஆக்கியோர் உவமையாக எடுத்துரைத்தனர். பெட்டிகளைச் சுமக்கும் திமிங்கிலம் அதன் இலச்சினையாயிற்று. அடுத்த ஆண்டில் கூகிள் வெளியிட்ட நிருவாக முறைமைக்குச் சுக்கான் பிடிப்பவனைக் குறிக்கும் 'குபெர்நெற்றிஸ்' என்னும் கிரேக்கச் சொல் பெயராயிற்று.

'டொக்கர்' என்னும் சொல்லுக்கு ஆங்கிலத்தில், குறிப்பாகப் பிரித்தானிய வழக்கில், துறைமுகத் தொழிலாளி என்று பொருள். கொள்கலனால் வேலையிழந்தவனின் பெயர், கொள்கலனைக் கையாளும் மென்பொருளுக்கு இடப்பட்டது. இதில் எவருடைய உள்நோக்கமும் இருந்ததெனக் கூற வேண்டியதில்லை. மனிதன் அகன்ற பின் அவன் பெயர் உவமையாக எஞ்சுவது மொழியின் இயல்பான போக்கே. ஆனால் அவ்வுவமையைப் பிரித்துப் பார்ப்பது இலக்கிய மாணவரின் கடமையாகும்.

4

2014 நவம்பரில் லாஸ் வேகாஸ் நகரில் நடைபெற்ற மாநாட்டில் அமேசன் நிறுவனம் லம்டாவையும் கொள்கலன் நிருவாகச் சேவையான 'ஈ.சீ.எஸ்.'ஐயும் ஒருங்கே அறிவித்தது. களஞ்சியத்தில் ஒரு படம் வந்ததும் அதன் சிறு வடிவத்தைத் தானாகவே ஆக்குதல் என்பது லம்டாவை விளக்கப் பெரிதும் எடுத்தாளப்பட்ட உதாரணம். 2016இல் மைக்ரோசொப்ற், ஐ.பி.எம்., கூகிள் ஆகியனவும் ஒத்த சேவைகளை முன்வைத்தன.

சார்பு தானே எல்லாவற்றையும் செய்யாது கொள்கலனை ஏன் அழைக்கவேண்டும்? சார்புக்கு விதிக்கப்பட்ட எல்லைகளே இதற்குக் காரணம். தொடக்கத்தில் ஒரு சார்பு 60 செக்கன்களே இயங்கலாம். 2015இல் அது 5 நிமிடமாகவும் 2018இல் 15 நிமிடமாகவும் நீண்டது. ஒரு மணி நேர ஒளிப்பதிவை உருமாற்றவோ, ஆயிரம் பக்க ஏட்டின் எழுத்துக்களை இனங்காணவோ அது பெரும்பாலும் போதாது. ஆகவே சார்பு வாயிலில் நிற்கும் மேற்பார்வையாளனின் இடத்தை வகிக்கின்றது: சரக்கு வந்ததை அறிகின்றது; ஆளை அழைக்கின்றது; தான் விலகிவிடுகின்றது. அழைக்கப்படும் கொள்கலனுக்கு அத்தகைய குறுகிய எல்லையில்லை. 2017இல் 'பார்கேற்' சேவை வந்ததும், கொள்கலன் இயங்குவதற்கெனக் கணினிகளை வாடிக்கையாளரே அமர்த்தி வைக்கவேண்டிய தேவையும் நீங்கிற்று. 2021 இறுதி முதல் களஞ்சியத்தின் நிகழ்வுகளை 'இவென்ற்பிரிட்ஜ்' சேவையினூடாக நேரே கொள்கலன் சேவைக்குச் செலுத்தவும் இயலும். பல வேளைகளில் மேற்பார்வையாளனும் வேண்டாதவனாகின்றான்.

இவ்வளர்ச்சி நெடுகிலும் கட்டணத்தின் அலகு சுருங்கிக்கொண்டே வந்துள்ளது. 2006இல் மணி; 2014இல் லம்டாவுக்கு 100 மில்லிசெக்கன்; 2017இல் வாடகைக் கணினிக்கும் பார்கேற்றுக்கும் செக்கன், ஆகக் குறைந்தது ஒரு நிமிடம்; 2020 டிசெம்பரில் லம்டாவுக்கு ஒரு மில்லிசெக்கன். இலண்டன் தொழிலாளர் அலகை நான்கு மணி நேரமாக நீட்டுவதற்குப் போராடினர். ஏனெனில் நீண்ட அலகு காத்திருப்பின் சுமையை அமர்த்துவோர்மீது சாற்றுகின்றது. குறுகிய அலகு அதனை அமர்த்தப்படும் தரப்பின்மீது சாற்றுகின்றது.

அவ்வாறாயின் இங்கு காத்திருப்பைச் சுமப்பது யார்? மேலோட்டமாக நோக்கின் வாடகைக்கு விடும் நிறுவனமே எனலாம். வடக்கு வேர்ஜீனியாவிலும் அயர்லாந்திலும் மும்பாயிலும் அதன் சேவையகங்கள் மின்சாரத்தை உண்டு விழித்திருக்கின்றன. 2023ஆம் ஆண்டில் அயர்லாந்தில் அளவிடப்பட்ட மின்நுகர்வின் 21 சதவீதம் தரவு மையங்களுக்குச் சென்றதாக அந்நாட்டுப் புள்ளிவிவர அலுவலகம் தெரிவித்தது. 'சேவையகமற்ற' உலகின் சேவையகங்கள் அவை. ஆனால் எண்ணற்ற வாடிக்கையாளரின் ஓய்வுநேரங்களை ஒன்றுதிரட்டுவதனால், ஒருவருக்கு இழப்பாக இருந்தது இந்நிறுவனத்துக்கு விற்பனைப் பொருளாகின்றது. ஒருவர் சிந்திக்கும் இடைவேளையில் மற்றொருவருக்கு உழைக்கும் 1961ஆம் ஆண்டு இயந்திரத்தின் தத்துவமே இது. திரட்டல் சமூகமயமானது, திரட்டியதன் பயன் தனியுடைமையானது. உற்பத்தியின் சமூகத் தன்மைக்கும் உடைமையின் தனியார் தன்மைக்கும் இடையிலான முரண்பாட்டுக்கு இதனிலும் தெளிவான உதாரணம் கிடைத்தல் அரிது.

திரட்டலால் முற்றாக நீக்கவியலாத காத்திருப்பும் உண்டு. உறங்கும் சார்பை எழுப்புவதற்கு நேரம் பிடிக்கின்றது. இதனைக் 'குளிர்த் தொடக்கம்' என்பர். 2018இல் வெளியிடப்பட்ட 'பயர்கிறாக்கர்' மென்பொருள் ஒரு நுண்கணினியை ஏறத்தாழ 125 மில்லிசெக்கனில் எழுப்பவல்லது. எனினும் தாமதம் முற்றாக ஒழியவில்லை. 2019 டிசெம்பர் முதல், குறித்த எண்ணிக்கையான சார்புகளை எப்பொழுதும் விழிப்பில் வைத்திருக்கத் தனிக்கட்டணம் செலுத்தும் வசதி தரப்பட்டது. வாசலால் வெளியேற்றிய காத்திருப்பு, விலைச்சீட்டுடன் பின்கதவால் மீண்டும் நுழைந்தது.

நடைமுறையிற் பிற சுமைகளும் உள. நிகழ்வு ஒரு தடவையேனும் வந்து சேரும் என்பதே உறுதி. ஒரே நிகழ்வு இரு தடவை வரவும் கூடும். எனவே ஒரே கோப்பு இருமுறை வரினும் விளைவு பழுதுபடாதவாறு நிரலாளர் எழுதுதல் வேண்டும். விளைவைப் பதிவேற்றப் பிரிவிலேயே வைத்துவிட்டால், அவ்விளைவே புதிய நிகழ்வாகி மீண்டும் கொள்கலனை அழைக்கும்; அது மீண்டும் விளைவைத் தரும்; இச்சுழல் கட்டணப் பட்டியலை வளர்த்துக்கொண்டே செல்லும். விளைவுக்குத் தனிப்பிரிவு வைக்கும் ஒழுங்கு இதன்பொருட்டே. தானியக்கம் எனப்படுவதன் ஒவ்வொரு படியிலும் மனித முன்யோசனை உறைந்து கிடக்கின்றது.

5

துறைமுகத் தொழிலாளியையும் கணினிக் கொள்கலனையும் இவ்வாறு ஒப்பிடுவது வெறும் உருவக விளையாட்டு என ஒருவர் மறுக்கலாம். மறுப்பு நியாயமானதே. கொள்கலனுக்குப் பசியில்லை, அழைக்கப்படாத நாளில் அதன் பிள்ளைகள் பட்டினி கிடப்பதில்லை. இயந்திரத்தைத் தேவைப்படும்போது அழைத்துத் தேவை முடிந்ததும் விடுவிப்பதில் எவ்வித அறக்குறையும் இல்லை. இவ்வேறுபாட்டை மறந்து எல்லாவற்றையும் ஒன்றெனக் கூறுவது கொச்சை மார்க்சியமாகிவிடும்.

ஆனால் வரலாற்றின் கால வரிசை நம்மை மேலும் சிந்திக்கவைக்கின்றது. எஸ்3க்கும் ஈ.சீ.2க்கும் முன்னரே, 2005 நவம்பரில், அதே நிறுவனம் 'மெக்கானிக்கல் ரேர்க்' என்னும் சேவையைத் தொடக்கியிருந்தது. படத்தில் என்ன உள்ளது எனக் கூறுதல், பெயர்ப்பட்டியலைச் சரிபார்த்தல் முதலிய சிறு பணிகளை நிரலொன்றின் கட்டளையால் இணையத்தின் வழியே மனிதருக்குப் பகிர்ந்து, பணிக்கு இவ்வளவு சதம் என ஊதியம் வழங்கும் முறை அது. 18ஆம் நூற்றாண்டில் வியன்னா அரசவையில் வொல்ஃப்காங் வொன் கெம்பெலன் காட்டிய சதுரங்கப் பொம்மையின் பெயரே அதற்கு இடப்பட்டது. தானே ஆடுவதாகத் தோன்றிய அப்பொம்மையின் பெட்டிக்குள் ஒரு மனிதன் மறைந்திருந்தான். கணினியை அழைத்துச் செக்கனுக்குக் கூலி கொடுக்கும் முறைக்கு முன்னரே, மனிதனை அழைத்துத் துண்டுப் பணிக்குக் கூலி கொடுக்கும் முறை அதே கூரையின்கீழ் உருவாகிவிட்டது.

இயந்திரத்துக்குப் பொருந்தும் கணக்கு மனிதனுக்கும் பொருந்தும் என்ற எண்ணம் இவ்வாறே பரவுகின்றது. இதன் தெளிவான வெளிப்பாட்டை மீண்டும் இலண்டனிலேயே காண்கின்றோம். 2021 பெப்ரவரியில் ஐக்கிய இராச்சியத்தின் உயர்நீதிமன்றம் ஊபர் வழக்கிலே தீர்ப்பளித்தது. சாரதிகள் சட்டப்படி தொழிலாளரே. பயணியை ஏற்றிச்செல்லும் நேரம் மட்டுமன்றி, தமக்கு அனுமதிக்கப்பட்ட பகுதியில் செயலியைத் திறந்து வேலையேற்க ஆயத்தமாயிருக்கும் நேரமும் அவர்களது வேலை நேரமே என்பது அதன் சாரம். 1889இல் நான்கு மணி நேரம் கேட்டவர்களும் 1947இல் வருகைப்படி பெற்றவர்களும் எழுப்பிய அதே வினா, கைத்தொலைபேசியின் உருவில் மீண்டும் நீதிமன்றம் ஏறியது. காத்திருப்பு உழைப்பா என்பதே அவ்வினா.

6

நம்மைப் பொறுத்தவரை இவ்விடயத்துக்கு வேறொரு பரிமாணமும் உண்டு. அமேசன் நிறுவனம் சிங்கப்பூரில் 2010இலும் மும்பாயில் 2016இலும் தனது வலயங்களை அமைத்தது. இலங்கையில் அத்தகைய வலயம் இல்லை. இங்கிருந்து பதிவேற்றப்படும் கோப்பு கடல் கடந்தே கொள்கலனை அடைகின்றது. கட்டணம் டொலரிலே குறிக்கப்படுகின்றது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த ஒரு டொலர் மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியபோது, விலைப்பட்டியலில் ஓர் இலக்கமும் மாறாமலே ஒவ்வொரு மில்லிசெக்கனின் விலையும் நமக்கு ஏறத்தாழ இரட்டித்தது. உடைமையை விட்டு வாடகையை ஏற்றவன், வாடகை குறிக்கப்படும் நாணயத்தின் ஏற்றத்தாழ்வையும் ஏற்றவனாகின்றான்.

இதனாற் பழைய சேவையகத்துக்குத் திரும்புவோம் எனக் கூறுவது எமது கருத்தன்று. கொள்கலனின் வருகையை எதிர்த்து மூடையைத் தோளில் சுமப்போம் என 1972ஆம் ஆண்டுத் தொழிலாளரும் கூறவில்லை. கொள்கலனைப் பிரித்தடுக்கும் வேலையில் தமக்குரிய இடத்தையே அவர்கள் கோரினர். சிறியதோர் ஆவணக் காப்பகம், பெருஞ்செலவின்றி ஓரிரவில் ஆயிரம் ஏடுகளைப் பதப்படுத்த இயலும் நிலை வரவேற்கத்தக்கதே. பிரச்சினை இயந்திரத்தில் இல்லை; ஓய்வுநேரங்களைத் திரட்டும் ஆற்றல் எவருடைய கையில் உள்ளது என்பதிலேயே உள்ளது.

இவ்வாற்றலின் அடிப்படைக் கூறுகள் பல இன்று எவரும் பயன்படுத்தத்தக்கனவாய் வெளியிடப்பட்டுள்ளன. டொக்கரின் கருப்பகுதி, குபெர்நெற்றிஸ், பயர்கிறாக்கர், ஐ.பி.எம். தொடக்கிய 'ஓப்பன்விஸ்க்', 2018இல் வெளிவந்த 'கேநேற்றிவ்' ஆகியவற்றின் மூலநிரல்கள் திறந்துள்ளன. கோப்பு வந்ததும் கொள்கலனை எழுப்பும் முறையை ஒரு பல்கலைக்கழகம் தனது கணினிக்கூடத்திலேயே அமைக்கலாம். தனியொரு பல்கலைக்கழகத்தின் இயந்திரங்கள் பெரும்பொழுது ஓய்ந்து கிடக்கும் என்பது உண்மை. ஆனால் நமது பல்கலைக்கழகங்களை ஏற்கெனவே இணைத்திருக்கும் 'லேர்ண்' போன்ற வலையமைப்பின் வழியே அவ்வோய்வுநேரங்களைப் பகிர்வது கொள்கையளவில் அரிய செயலன்று. மக்கார்த்தி 1961இல் பயன்படுத்திய 'பொது' என்னும் அடைமொழி அப்பொழுதே தனது பொருளைப் பெறும்.

'சேவையகமற்ற' என்ற சொல்லை நாம் தமிழில் வழங்க நேரிடும்போது, அது ஒரு பொருளின் இன்மையைக் குறிக்கவில்லை, ஓர் உடைமை மாற்றத்தையே குறிக்கின்றது என்பதை மாணவர்க்கு உணர்த்துதல் வேண்டும். அணைந்திருக்கும் கொள்கலனுக்காக எங்கோ ஒரு சேவையகம் விழித்திருக்கின்றது. அதன் வாயிலில் நின்று அழைப்பவன் யார், அழைப்புக்குக் காத்திருப்பவன் யார், அக்காத்திருப்புக்கு விலை கொடுப்பவன் யார் என்று கேட்பதற்கு 1889இன் தொழிலாளர் நமக்குக் கற்றுத் தந்துள்ளனர். அவ்வினா காலாவதியாகவில்லை.